மியான்மரில் தேர்தல் நடந்தா போதுமா? எல்லாத்தையும் தடுக்குற அந்த 25 சதவீதம்

பெரம்பலூரிலோ அரியலூரிலோ காலையில இட்லி சாப்பிடுற யாரும் மியான்மரை நினைக்கப் போறதில்ல. ஆனால் இந்தியா இறக்குமதி செய்யும் உளுந்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது.

1962-ல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகள் தேசியமயமாக, தமிழர்கள் உட்பட லட்சக்கணக்கான இந்தியர்கள் வெளியேறினார்கள். சென்னை பர்மா பஜார் அப்படி வந்தவர்கள் போட்டதுதான்.

2011-ல் ராணுவம் ஒதுங்குவதாகச் சொன்னது. 2015 தேர்தலில் ஆங் சான் சூச்சியின் கட்சி அமோகமாக ஜெயித்தது. உலகமே கைதட்டியது. ஆனால் ராணுவம் எழுதிய 2008 அரசமைப்பு அப்படியே இருந்தது. நாடாளுமன்றத்தில் 25 சதவீத இடம் ராணுவத்துக்கு. முக்கியப் பிரிவுகளைத் திருத்தவோ 75 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வேண்டும். கணக்கு புரியுதா? ராணுவம் தலையாட்டாமல் எதுவும் நகராது. பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகார அமைச்சர்களைத் தேர்ந்தெடுப்பதும் தளபதிதான். 2020-லும் அதே கட்சி ஜெயித்தது. 2021 பிப்ரவரி 1-ல் ராணுவம் ஆட்சியைப் பறித்தது.

அடுத்த சில மாதங்களிலேயே, ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்து வாங்க இந்தியா ஒப்பந்தம் போட்டது. வாங்கட்டும், அங்கேயும் விவசாயி பிழைக்கணுமே. ஆனால் சூச்சி கட்சியை 2023-ல் கலைத்துவிட்டு, 2025 டிசம்பரில் ராணுவம் தொடங்கிய தேர்தலைச் சீர்திருத்தம் என்று டெல்லி ஏற்கக் கூடாது. 2025 மார்ச் நிலநடுக்கத்தில் இடிந்த மாண்டலேயைக் கட்டியெழுப்பப் பணம் கொடுக்கும்போதே, அந்த 25 சதவீதம் எப்போது போகும் என்றும் கேட்க வேண்டும்.