முதல் பெயர் எங்கே போனது?

"மெனிகே மகே ஹிதே" யாருடைய பாட்டு என்று எங்கள் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். "யொஹானி" என்று எல்லோரும் ஒன்றாகச் சொன்னார்கள். 2021 மே மாதம் அவர் பாடிய பதிவு வந்த பிறகுதான் அது கடல் தாண்டியது என்பது உண்மை. 2022இல் ஹிந்திப் படமொன்றிலும் இடம்பிடித்தது. ஆனால் அந்தப் பாட்டு 2020இலேயே வந்துவிட்டது. முதலில் பாடியவர் சதீஷன் ரத்நாயக்க. வரிகள் துலான் ஏ.ஆர்.எக்ஸ்., இசை சமத் சங்கீத். இந்த மூன்று பெயரில் ஒன்றைக்கூட எங்கள் வகுப்பில் யாரும் சொல்லவில்லை.

யொஹானியை நான் குறை கூறவில்லை. அவரது பதிவில் சதீஷனும் சேர்ந்தே பாடுகிறார். ஓர் ஆண் பெண்ணைப் பார்த்துப் பாடிய சொற்கள் பெண்குரலில் வந்தபோது வேறொரு பாட்டாகவே காதில் விழுந்தன. இரண்டாவது குரலின் உழைப்பும் உழைப்புத்தான். முதல் பெயர் ஏன் வழியிலேயே விழுந்துவிடுகிறது என்பதுதான் என் கேள்வி. (இசை கேட்கலாமா கூடாதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. பெற்றோர் பொறுத்தருள்க.)

பெரியவர்களும் இதில் சளைத்தவர்கள் அல்லர். "சின்ன மாமியே" ஏ.ஈ. மனோகரனின் பாட்டு என்று வாப்பா அடித்துச் சொன்னார். அதை எழுதி முதலில் பாடியவர் யாழ்ப்பாணத்து நித்தி கனகரத்தினம். "இறைவனிடம் கையேந்துங்கள்" என்றதும் நாகூர் ஹனீபாவின் குரல் நம் எல்லோர் காதிலும் ஒலிக்கும். எழுதிய கிளியனூர் அப்துல் ஸலாமை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பெயர் போனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். 1939இல் தென்னாபிரிக்காவில் சொலமன் லிண்டா "ம்பூபே" என்ற பாட்டைப் பதிவு செய்தார். அற்பத் தொகைக்கு அதன் உரிமை கைமாறியது. 1961இல் அமெரிக்காவின் டோக்கன்ஸ் குழு அதே மெட்டை ஆங்கிலத்தில் பாடி உலகப் புகழ் பெற்றது. மறு வருடமே லிண்டா வறுமையில் இறந்தார். பிறகு "லயன் கிங்" படத்திலும் அந்த மெட்டு ஒலித்தது. அவருடைய பெண்பிள்ளைகள் வழக்குப் பேசி, 2006இல்தான் ஓர் இணக்கம் கிடைத்தது. தகப்பனின் பெயர் பதிவில் இருந்ததால்தான் அவர்களால் வழக்காவது பேச முடிந்தது.

நம் திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைப் பாருங்கள். விற்றால் பெயர் மாறும், கொடி மாறும், நிறமும் மாறும். கட்டியபோது கொடுத்த ஐ.எம்.ஓ. இலக்கம் மட்டும் கடைசிவரை மாறாது. இரும்புக்குக் கொடுக்கும் அந்த மரியாதை நம் பெண்களின் கவிகளுக்குக் கிடைக்கவில்லை.

கிண்ணியாவில் இருக்கும் என் மூத்தம்மாவின் தங்கை நிறையக் கவி கட்டியவர். 2009இல் பாலம் திறக்கும்வரை துறையைப் பாதையில்தான் கடக்க வேண்டும். பாதைக்குக் காத்திருந்த நேரங்களில் பிறந்தவை அவற்றில் பாதி. அதில் ஒன்றை ஒரு விழாவில் பிள்ளைகள் பாடினார்கள். அழகாகத்தான் பாடினார்கள், கைதட்டலும் பலமாக இருந்தது. அறிவிப்பில் மட்டும் "நாட்டார் பாடல்" என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "அப்ப நான்தான் நாட்டாரா, மகள்?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உண்மையிலேயே யார் கட்டியது என்று தெரியாத கவிகள் ஏராளம். அவற்றை நாட்டார் பாடல் என்பதில் தவறில்லை. கட்டியவர் பக்கத்து ஊரில் உயிரோடு இருக்கும்போது அப்படிச் சொல்வது சோம்பல். தமிழ்த் தினப் போட்டிக்குக் கவி பழகும் தோழியரே, உங்களுக்குச் சொல்லித் தந்தவரிடம் "இதைக் கட்டியது யார்?" என்று கேளுங்கள். தெரியாவிட்டால், யாரிடம் கேட்டுப் படித்தீர்கள் என்பதையாவது மேடையில் சொல்லுங்கள். வீட்டில் கையடக்கத் தொலைபேசி வைத்திருக்கும் பெற்றோர் உங்கள் உம்மாமாரின் குரலைப் பதிந்து, பெயரையும் ஊரையும் அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

அடுத்த இதழில் இதற்கென ஒரு பக்கம் ஒதுக்க ஆசிரியர் குழு இணங்கினால், முதல் கவியை நான் தருகிறேன். கட்டியவரிடம் சம்மதம் வாங்கிவிட்டேன். பெயரைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னார்.