கடல் கடக்குமுன் கற்க வேண்டியவை

மகனோ மகளோ மேற்படிப்புக்காக ஆஸ்திரேலியா செல்கிறார் என்னும் செய்தி இன்று நம் இல்லங்களில் புதுமையன்று. புறப்படும் நாள் நெருங்க நெருங்கத் தாய் துணிமணிகளைப் பெட்டியில் அடுக்குகிறார்; தந்தை வங்கிக் கடன் பத்திரங்களை மீண்டும் ஒருமுறை எடுத்துப் பார்க்கிறார். அவர் முகத்தில் கவலையைக் கண்ட உறவினர் ஒருவர், "அங்கே போனதும் பகுதிநேர வேலை கிடைத்துவிடும், கட்டணத்தைப் பிள்ளையே பார்த்துக்கொள்ளும்" என்று தேற்றுகிறார். இத்தேறுதல் மொழி எவ்வளவு தூரம் உண்மை என்பதை இம்மாதம் சற்று ஆராய்வோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மாணவர் விசாவில் செல்பவர், படிப்பு தொடங்கிய பின்னரே அங்கே வேலை செய்யலாம். 2023 ஜூலை முதல், வகுப்புகள் நடைபெறும் காலத்தில் இரு வாரங்களுக்கு 48 மணி நேரமே வரம்பு. விடுமுறைக் காலத்தில் இவ்வரம்பு இல்லை. 2025 ஜூலையில் அந்நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.95 டாலராக உயர்த்தப்பெற்றது. இதன்படி 48 மணி நேர உழைப்புக்கு ஏறக்குறைய 1,198 டாலர் கிடைக்கும். ஆண்டு முழுவதும் இதே அளவில் வேலை கிடைத்தால், வரி நீங்குமுன் வருமானம் 31,000 டாலரைச் சற்றே தாண்டும்.

செலவு என்ன? ஒரு மாணவர் ஓராண்டு வாழ்வதற்கு 29,710 டாலர் இருப்பதாகக் காட்ட வேண்டும் என்று அந்நாட்டு அரசு 2024 மே மாதத்தில் விதித்தது. ஆக, வரவும் செலவும் ஏறத்தாழச் சமமாகிவிடுகின்றன. 'கேஷுவல்' எனப்படும் நிலையற்ற பணியில், சம்பளத்துடன் கூடிய விடுப்பு இல்லாமைக்கு ஈடாக 25 விழுக்காடு கூடுதல் ஊதியம் உண்டு என்பது மெய்யே. ஆயினும் அப்பணியில் வாரந்தோறும் முழு நேரமும் வேலை கிடைக்கும் என்னும் உறுதி இல்லை. எனவே பகுதிநேர வேலை பிள்ளையின் சோற்றுக்கும் வாடகைக்கும் துணைசெய்யுமேயன்றி, கல்விக் கட்டணத்தையும் கடன் தவணையையும் சுமக்காது.

அந்த வேலையும் தேடிய உடனே கிடைப்பதில்லை. மாணவர்களுக்கு முதலில் கதவு திறப்பவை பெரும்பாலும் உணவகம், கடை, துப்புரவு, முதியோர் பராமரிப்பு போன்ற பணிகளே. கைப்பழக்கம் இல்லாதவரை யாரும் விரும்பி ஏற்பதில்லை. காப்பிக் கடையையே எடுத்துக்கொள்வோம். கொட்டையை உரிய பதத்தில் அரைத்து, அளவாக இட்டு, சமமாக அழுத்தி, இயந்திரத்தில் ஏறக்குறைய அரை நிமிடத்தில் சாறு இறக்க வேண்டும். பாலை நீராவியால் 60 முதல் 65 பாகை வரை சூடேற்ற வேண்டும். அதற்கு மேற்பட்டால் சுவை கெடும். காலை நெரிசலில் பத்துப் பேர் வரிசையில் நிற்க, இவ்வளவையும் முகம் சுளிக்காமல் செய்ய வேண்டும். இதற்கென அங்கே குறுகிய காலப் பயிற்சிகள் உண்டு.

சில பணிகளுக்குச் சான்றிதழ் கட்டாயம். மது பரிமாறும் இடங்களில் பணிபுரிய 'ஆர்.எஸ்.ஏ.' என்னும் பொறுப்புடன் மது பரிமாறும் பயிற்சி வேண்டும். கட்டடப் பணிக்கு 'ஒயிட் கார்டு' வேண்டும். இவற்றுக்கான பயிற்சியை ஆஸ்திரேலியாவில் பதிவுபெற்ற பயிற்சி நிறுவனமே அளிக்க முடியும். ஆகவே இங்கேயே ஏதோ ஒரு சான்றிதழைத் தந்து, அது அங்கே செல்லும் என்போரிடம் பணத்தை இழந்துவிடாதீர்கள். வருமான வரிக்குரிய எண்ணை அரசே இலவசமாக வழங்குகிறது. அதற்கும் இடைத்தரகர் தேவையில்லை.

வீட்டிலேயே கற்றுக்கொடுக்கக் கூடியவையும் உண்டு. சமைத்தல், பாத்திரம் துலக்குதல், குளியலறை கழுவுதல் ஆகியவற்றை ஒரு நாளும் செய்தறியாத பிள்ளை, அந்நிய மண்ணில் அவற்றையே ஊதியத்திற்குச் செய்ய நேரும்போது உள்ளம் குன்றிப்போகிறது. ஆண்பிள்ளை என்று இதில் விலக்கு அளிக்க வேண்டாம்.

இவை அனைத்திலும் இன்றியமையாத பயிற்சி ஒன்று உண்டு. தன் ஊதியத்தையும் உரிமையையும் அறிந்திருப்பதே அது. 2015-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் பெரிய கடைத்தொடர் ஒன்றில் நடந்த கொடுமை வெளிவந்தது. அங்கே மாணவர்கள் பலரிடம் வரம்புக்கு மேல் வேலை வாங்கினர். ஆனால் பாதி நேரத்துக்கே சம்பளம் எழுதினர். எதிர்த்துக் கேட்டவரிடம், "நீ வரம்பை மீறியவன், புகார் செய்தால் உன் விசா போய்விடும்" என்று அச்சுறுத்தினர். அந்நிறுவனம் பின்னர் 15 கோடி டாலருக்கும் மேல் திருப்பித் தர நேர்ந்தது.

அம்மாணவர்கள் ஏன் வாய்மூடி இருந்தனர்? விசா பற்றிய அச்சம் ஒரு பக்கம். ஊரில் கடன்பட்டுக் காத்திருக்கும் பெற்றோரின் நினைவு மற்றொரு பக்கம். மாதந்தோறும் பணம் வரும் என்று நாம் எதிர்பார்க்கும்போது, பிள்ளையை வரம்பு மீறத் தூண்டுபவர்கள் நாமே ஆகிவிடுகிறோம். வரம்பை மீறியபின் முதலாளியின் பிடி இறுகுகிறது. பிள்ளையின் படிப்பும் கெடுகிறது.

இன்று சட்டம் சற்று ஆதரவாக உள்ளது. விசா நிபந்தனையைக் காட்டி ஒருவரை வேலையில் வற்புறுத்துவது 2024 ஜூலை முதல் குற்றமாகும். சுரண்டப்பட்டவர் முறைப்படி முறையிடும்போது, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு அவர் விசாவைக் காக்கும் விதிகளும் அதே ஆண்டில் வந்தன. வேண்டுமென்றே ஊதியத்தைக் குறைத்துக் கொடுப்பது 2025 ஜனவரி முதல் குற்றமாகும். 'ஃபேர் ஒர்க்' என்னும் அரசு அலுவலகத்தில் மாணவரும் முறையிடலாம். ஒவ்வொரு முறையும் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கவும், வேலை செய்த நேரத்தை நாள்தோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதவும் பிள்ளை பழகியிருந்தால், முறையிடும்போது அவையே சான்றாகும்.

ஆகவே பெற்றோரே, பயணத்துக்கு முன் ஒரு மாலைப்பொழுது பிள்ளையுடன் அமர்ந்து, மேற்கண்ட கணக்கைத் தாளில் எழுதிப் பாருங்கள். கணக்கு ஒத்துவராவிட்டால், பயணத்தை ஓராண்டு தள்ளிவைப்பதில் இழுக்கு இல்லை. ஒத்துவந்தால், கடன் தவணை குடும்பத்தின் பொறுப்பு என்று பிள்ளையிடம் தெளிவாகக் கூறுங்கள். "வேலை போனாலும் பரவாயில்லை, எது நடந்தாலும் எங்களிடம் மறைக்காதே" என்று வாய்விட்டுச் சொல்லியனுப்புங்கள். அச்சொல்லைக் கேட்டுச் சென்ற பிள்ளை, துன்பம் வரும்போது முதலில் வீட்டுக்குத்தான் தொலைபேசியில் அழைக்கும்.