இருவர் போன அருவிப் பயணம்



பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சுற்றுலா போகும் பெற்றோர் பலர். உற்றார் உறவினரோடு வண்டி பிடித்துத் திருத்தலங்களுக்குப் போவோரும் பலர். ஆனால் கணவனும் மனைவியும் மட்டும், ஓர் இடத்தைக் கண்டு வருவதற்கென்றே வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்படும் வழக்கம் நம் குடும்பங்களில் அரிதாகவே காணப்படுகின்றது. "இந்த வயதில் எங்களுக்கு என்ன ஊர் சுற்றல்?" என்பார்கள். பிள்ளைகளின் படிப்புக்கும் மகளின் திருமணத்துக்கும் பேரனின் திருமுழுக்குக்கும் பணமும் நாளும் ஒதுக்கியவர்கள், தங்களுக்கென இரண்டு நாள் ஒதுக்கக் கூசுகின்றார்கள். அந்தக் கூச்சம் வேண்டியதில்லை என்பதையே இம்மாதம் எழுத விரும்புகின்றோம்.

சென்ற ஆண்டு நம் இல்லத்தரசியின் கண்களைச் சோதித்த மருத்துவர், அவருக்குக் கண் அழுத்த நோய் இருப்பதாகக் கூறினார். கிளாக்கோமா என்று சொல்லப்படும் இந்நோய், கண்ணிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு போகும் நரம்பைச் சிறிது சிறிதாக அழிப்பது. பெரும்பாலும் வலி இராது, சிவப்பும் இராது. முதலில் குறைவது பக்கவாட்டுப் பார்வையே. நேரே இருப்பது தெளிவாகத் தெரிவதால், ஓரத்தில் ஒன்று மறைந்து வருவதை நோயாளியே உணர்வதில்லை. போன பார்வையை மீட்க இன்றைய மருத்துவத்திலும் வழியில்லை. எஞ்சியிருப்பதைச் சொட்டு மருந்தாலும், தேவையானால் லேசர் அல்லது அறுவை சிகிச்சையாலும் காத்துக்கொள்ளலாம்.

இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டு வீடு திரும்பிய அன்று மாலை, அவர் அழவுமில்லை, புலம்பவுமில்லை. அடுப்படியில் நின்றபடியே, "அதிரப்பள்ளி அருவியை ஒருமுறை பார்க்க வேண்டும். நன்றாகத் தெரியும்போதே பார்த்துவிட வேண்டும்" என்றார். முப்பத்திரண்டு ஆண்டு இல்லறத்தில் அவர் தமக்கென்று கேட்டவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆகவே மறுமொழி சொல்ல நமக்கு நேரம் தேவைப்படவில்லை.

கோவையிலிருந்து அதிரப்பள்ளிக்கு இரு வழிகள் உண்டு. பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து, திருச்சூர்ப் பக்கமாகச் சாலக்குடி போய்ச் சேர்வது சமவெளி வழி, விரைவில் போகலாம். பொள்ளாச்சி, ஆழியாறு, வால்பாறை, மளுக்கப்பாறை என்று மலையேறி, காட்டைக் கடந்து இறங்குவது மற்றொன்று. "அருவி மட்டுமா பார்க்க வேண்டியது? வழியும் பார்க்க வேண்டியதுதானே!" என்றார் இல்லத்தரசி. மலை வழியே போவதென முடிவாயிற்று. வளைந்த பாதையில் வண்டி ஓட்டுகின்றவர் பக்கத்து மலையைப் பார்க்கலாகாது. ஆதலால், பழக்கமான ஓட்டுநர் தம்பி ஒருவரை அமர்த்திக்கொண்டு, நாம் இருவரும் பின்னிருக்கையில் அமர்ந்தோம். மழை சற்று ஓய்ந்த செப்டம்பர் இறுதி அது.

ஆழியாற்றைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகின்றது. வால்பாறை சேருமுன் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதி வைத்திருக்கின்றார்கள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சி முனை. கீழே ஆழியாற்று அணை நீர் ஒரு தட்டில் ஊற்றி வைத்தாற்போல் கிடக்கின்றது. அவ்விடத்துப் பாறைகளில்தான் நம் மாநில விலங்காகிய வரையாடுகள் மேய்கின்றன. "இடப்பக்கம், பாறைக்கு மேலே மூன்று நிற்கின்றன" என்றோம். அவர் தலையை முழுதாகத் திருப்பித் தேடினார். முன்பெல்லாம் நமக்கு முன்னே அவரே கண்டுபிடித்துக் காட்டுவார். "ஆமாம், ஒன்று குட்டி" என்று அவர் சொன்னபோது நமக்கு ஏற்பட்ட நிறைவை எழுத்தில் வடிப்பது கடினம்.

அதன்பின் ஓர் ஒழுங்கு தானாகவே அமைந்துவிட்டது. ஓரத்தில் இருப்பதை நாம் சொல்வோம். அவர் திரும்பிப் பார்ப்பார். பார்த்ததை அவர் நமக்கு விளக்குவார். பல ஆண்டுகளாக அரிசி, மின்கட்டணம், மகனின் தொலைபேசி அழைப்பு என்ற அளவில் நின்றிருந்த நம் பேச்சு, அன்று மரம், மேகம், பறவை என்று விரிந்துகொண்டே போயிற்று.

வால்பாறை ஏறத்தாழ 3,500 அடி உயரத்தில் உள்ள தேயிலை ஊர். தோட்டங்களுக்கு நடுவே காடு துண்டு துண்டாக நிற்பதால், யானைகள் அவ்வழியே வந்து போகின்றன. மாலையில் சாலையோரத்துக் கம்பம் ஒன்றில் சிவப்பு விளக்கு மின்னக் கண்டோம். அருகில் யானை நடமாடுகின்றது என்று தொழிலாளர்க்கு அறிவிக்கும் விளக்கு அது. கைபேசி வழியாகவே அதனை எரியச் செய்யலாம். காட்டு உயிர்களைப் பற்றி ஆராய்வோரும் வனத்துறையும் ஊர் மக்களும் கூடி அமைத்த ஏற்பாடு இது. இதனை அலட்சியம் செய்தல் ஆகாது. 2025 பிப்ரவரியில், இப்பாதையில் இருசக்கர வண்டியில் வந்த வெளிநாட்டுப் பயணி ஒருவர் யானை தாக்கி உயிரிழந்தார். ஆகவே இரவு அவ்வூரிலேயே தங்கினோம். இரவுச் சொட்டு மருந்தை நேரம் தவறாமல் நாமே விட்டுவிட்டோம்.

மறுநாள் காலை சோலையாற்றுப் பக்கமாக மளுக்கப்பாறை சேர்ந்தோம். கேரளச் சோதனைச் சாவடியில் வண்டியின் விவரத்தைக் குறித்துக்கொண்டு அனுப்புகின்றார்கள். அதன்பின் வாழச்சால் வரை ஏறத்தாழ 50 கி.மீ. அடர்ந்த காடு. கடையோ வீட்டு வரிசையோ காண்பதற்கில்லை. இரவில் இப்பாதை அடைக்கப்படுகின்றது.

இக்காட்டின் சிறப்பு இருவாச்சிப் பறவை. நான்கு வகை இருவாச்சிகள் வாழச்சால் காட்டில் உண்டு. பெரிய இருவாச்சி பறக்கையில் அதன் சிறகோசை வெகு தொலைவுக்குக் கேட்கும். நம் இல்லத்தரசி அதனைக் கண்ணால் காணுமுன் காதால் கண்டுகொண்டார்! இப்பறவையின் இல்லறம் வியப்புக்குரியது. முட்டையிடும் காலம் வந்ததும் பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்து, வாயிலை அடைத்துக்கொள்ளும்; ஒரு சிறு பிளவு மட்டுமே மிஞ்சும். அப்பிளவின் வழியே ஆண் பறவை அத்திப் பழமும் பிறவும் கொணர்ந்து மாதக்கணக்கில் ஊட்டுகின்றது. அது வராவிடில் உள்ளிருப்பவற்றின் கதி என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள். இக்காட்டின் பழங்குடியினரான காடர் மக்கள், வனத்துறையோடு சேர்ந்து இக்கூடுகளைக் காத்து வருகின்றார்கள்.

வாழச்சாலில் பாறைகளின்மேல் சரிந்தோடும் ஆறு, அங்கிருந்து 5 கி.மீ. தொலைவில் அதிரப்பள்ளியில் 80 அடி கீழே விழுகின்றது. அதுவே சாலக்குடி ஆறு. நாம் கடந்துவந்த ஆனைமலைப் பகுதியின் நீரும் அதில் கலந்திருக்கின்றது. மேலே நின்று பார்த்தால், விழப்போகும் நீர் அத்தனை அமைதியாகத் தோன்றுகின்றது. அவ்வமைதியே ஆபத்து. பாறை வழுக்கும், வேலியைத் தாண்டலாகாது.

1986-இல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' திரைப்படத்தால் இவ்வருவி தமிழ்நாட்டில் பெயர் பெற்றது. காதலர் இருவர் சேர்ந்து இறந்துவிடத் துணிந்து இங்கிருந்து குதிப்பதாகக் கதை. அக்காட்சியை நினைவுகூர்ந்து படம் எடுத்துக்கொள்ளும் இளைஞர்களை இன்றும் காணலாம். சேர்ந்து சாவதைப் பெருங்காதலாகக் காட்டுவது கதைக்கு எளிது. ஈரமான கற்படிகளில், ஓரம் தெரியாத மனைவியின் கையைப் பற்றி, "இன்னும் ஒரு படி, இது உயரம்" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போவதும் காதல்தான். அதனைப் படம் எடுப்பார் இல்லை. நலத்திலும் நோயிலும் துணையிருப்போம் என்று பீடத்தின் முன் கொடுத்த வாக்கு, இப்படிப்பட்ட படிகளில்தான் நிறைவேறுகின்றது.

அடிவாரத்தில் சாரல் முகத்தில் அறைந்தது. இல்லத்தரசி வெகுநேரம் அருவியை நேர்கொண்டு பார்த்தார். பிறகு கண்களை மூடிக்கொண்டார். "என்ன, கண் வலிக்கின்றதா?" என்று கேட்டோம். "இல்லை. மூடிக்கொண்டாலும் தெரிகின்றதா என்று பார்த்தேன்" என்றார். "தெரிகின்றதா?" "தெரிகின்றது. நீங்கள் வழியெல்லாம் சொன்னதும் சேர்ந்து தெரிகின்றது." நமக்குப் பேச வரவில்லை.

அருவியும் நிலையானதன்று என்பதைச் சொல்ல வேண்டும். ஆற்றின் மேற்பகுதியில் பொரிங்கல்குத்து முதலிய அணைகள் உள்ளன. கோடையில் இங்கு விழும் நீர், மேலே திறந்துவிடும் அளவைப் பொறுத்தது. அருவிக்கு மேலேயே 163 மெகாவாட் நீர்மின் திட்டம் ஒன்று அமைக்கும் பேச்சு பல பத்தாண்டுகள் நடந்தது. காடர் மக்களும் இயற்கை ஆர்வலர்களும் எதிர்த்து நின்றார்கள். மேற்குத்தொடர்ச்சி மலையை ஆராய்ந்த வல்லுநர் குழுவும் 2011-இல் அத்திட்டம் கூடாதென்றே பரிந்துரைத்தது. காண்பதற்குரியதும் காணும் கண்ணும் என்றும் அப்படியே இருக்கும் என்று நாளைக் கடத்துதல் தகாது.

இனி வாசகர்களுக்குச் சில வேண்டுகோள்கள். நாற்பது வயதைக் கடந்தவர்கள், கண்ணாடி மாற்றும்போது மட்டுமன்றி, கண் அழுத்தத்தையும் கண் நரம்பையும் சோதித்துக்கொள்ளுங்கள். பெற்றோர்க்கோ உடன்பிறந்தோர்க்கோ இந்நோய் இருப்பின் காலம் தாழ்த்தவே வேண்டாம். சொட்டு மருந்து பெற்றவர்கள், "நன்றாகத்தானே தெரிகின்றது" என்று நிறுத்திவிடாதீர்கள். அதனை வேளை தவறாமல் நினைவூட்டும் பொறுப்பு கணவன் அல்லது மனைவியுடையது.

மலை வழியே போவோர் பகலிலேயே காட்டைக் கடந்துவிடுங்கள். குரங்குகளுக்குத் தின்பண்டம் போடாதீர்கள். பிளாஸ்டிக் பைகளைக் காட்டில் எறியாதீர்கள். வழியில் யானை நின்றால் ஒலிப்பானை அழுத்தாமல் தொலைவிலேயே காத்திருங்கள்.

எல்லாரும் அதிரப்பள்ளிதான் போக வேண்டுமென்பதில்லை. செலவு செய்ய இயலாதவர்க்குப் பக்கத்து ஊர் ஆற்றங்கரையும் போதும். இருவர் மட்டும் போங்கள். போகும் வழியில் கண்டதைப் பேசுங்கள். இவ்வாண்டு நாள்காட்டியில் அதற்கென ஒரு நாளைக் குறியுங்கள். கண் மருத்துவரிடம் இருவரும் சேர்ந்து போகும் நாளையும் அதே தாளில் குறித்து வையுங்கள்.