செவ்வாயில் குடியேற்றம்: போக முடியுமா? போகலாமா?



மறைக்கல்வி வகுப்பில் ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் அண்மையில் எழுந்து நின்று, "ஃபாதர், செவ்வாய் கிரகத்துல பிறக்கிற பிள்ளைக்கு யாரு ஞானஸ்நானம் கொடுப்பாங்க?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. அவசர வேளையில் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், தண்ணீர் இருந்தால் போதும் என்று நாம் பாடநூல் பதிலைச் சொன்னோம். வீடு திரும்பிய பின்தான் அவன் கேள்வியில் இருந்த மற்றொரு கேள்வி உறைத்தது. செவ்வாயில் பிள்ளை பிறக்கலாமா?

இது வெறும் கற்பனை அல்ல. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனர் ஈலோன் மஸ்க் 2016-ல் மெக்சிகோவில் நடந்த பன்னாட்டு விண்வெளி மாநாட்டில், செவ்வாயில் பத்து இலட்சம் பேர் வாழும் நகரை அமைக்கப் போவதாக அறிவித்தார். அதற்கு முன்பே, 2013-ல், நெதர்லாந்தில் 'மார்ஸ் ஒன்' என்ற அமைப்பு திரும்பி வர வழியில்லாத பயணத்துக்கு ஆள் சேர்த்தது. 2015-ல் நூறு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் இந்தியர் மூவர். 2019 சனவரியில் அந்த நிறுவனம் திவாலானது. நூறு பேரும் நல்ல வேளையாகப் பூமியில்தான் இருந்தார்கள்.

முதலில், முடியுமா என்று பார்ப்போம். செவ்வாய்க்குப் புறப்பட ஏற்ற காலம் 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் வரும். போய்ச் சேர ஆறு முதல் ஒன்பது மாதங்கள் ஆகும். அங்குள்ள காற்றின் அழுத்தம் நம் காற்றழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதிலும் 95 விழுக்காடு கரியமில வாயு. பூமியில் நாம் ஓராண்டு முழுவதும் இயற்கையாகப் பெறும் கதிர்வீச்சை அங்கே தரையில் நிற்பவர் ஏறத்தாழ நான்கே நாட்களில் பெற்றுவிடுவார் என்பது 2012-ல் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியின் அளவீடுகளிலிருந்து தெரிகிறது. எனவே மண்ணுக்கு அடியில்தான் குடியிருக்க வேண்டும். அந்த மண்ணிலும் பெர்குளோரேட் என்ற நச்சு உப்பு கலந்திருப்பதை ஃபீனிக்ஸ் விண்கலம் 2008-ல் கண்டறிந்தது.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. 2021-ல் இறங்கிய பெர்சவரன்ஸ் ஊர்தியில் இருந்த 'மாக்ஸி' என்னும் சிறு கருவி, செவ்வாயின் கரியமில வாயுவிலிருந்தே ஆக்சிஜன் தயாரித்துக் காட்டியது. இரண்டு ஆண்டுகளில் 16 முறை இயங்கி, மொத்தம் 122 கிராம் எடுத்தது. இது உண்மையான சாதனைதான். ஆனால் ஒரு மனிதர் மூன்றரை மணி நேரம் மூச்சுவிட அது போதும், அவ்வளவே. பெரிய கருவிகளைச் செய்யலாம். ஆனால் அவை ஒரு நாள்கூட நிற்கக் கூடாது.

இந்த இடத்தில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் நடந்த ஒரு சோதனையை நினைவுகூர வேண்டும். 1991 செப்டம்பரில் எட்டுப் பேர் 'பயோஸ்பியர் 2' என்ற மூடிய கண்ணாடி மாளிகைக்குள் ஈராண்டு வாழப் புகுந்தார்கள். மூன்று ஏக்கருக்குச் சற்று அதிகமான அந்த இடத்தில் சிறு காடு, சிறு கடல், வயல், ஆடு, கோழி எல்லாம் இருந்தன. வெளிக்காற்று மட்டும் இல்லை. சில மாதங்களிலேயே ஆக்சிஜன் குறையத் தொடங்கியது. 21 விழுக்காடாக இருந்தது 14-15 விழுக்காட்டுக்கு இறங்கி, உயர்ந்த மலை உச்சியில் இருப்பவர்களைப்போல் எல்லாரும் மூச்சு வாங்கினார்கள். காரணம் பிறகுதான் புரிந்தது. வளம் சேர்க்கக் கொட்டிய மண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை உண்டன. அவை விட்ட கரியமில வாயுவைச் செடிகள் எடுத்துத் திரும்ப ஆக்சிஜனாக்கும் முன் கட்டடத்தின் காங்கிரீட் உறிஞ்சிக்கொண்டது. மகரந்தம் சுமக்கும் பூச்சிகளில் பெரும்பாலானவை மடிந்தன, கரப்பான் பூச்சிகள் பெருகின. அரைப்பட்டினியால் எட்டுப் பேரும் மெலிந்தார்கள். நான்குக்கு நான்காகப் பிரிந்து, ஒருவரோடு ஒருவர் பேசாத நிலைக்கும் வந்தார்கள். 1993 சனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜனைச் செலுத்திக் காப்பாற்றினார்கள். அரிசோனாவில் கதவுக்கு வெளியே ஆக்சிஜன் இருந்தது, செவ்வாயில் இராது.

இத்தனை இடர் இருந்தும், தெரிந்தே ஒருவர் போக முன்வந்தால் தடுக்க நாம் யார்? கடல் கடந்து மறைபரப்பச் சென்ற நம் குருக்களில் பலர் திரும்பி வரவே இல்லை. தன் உயிரை ஒரு பணிக்குக் கையளிக்க வயது வந்தவருக்கு உரிமை உண்டு என்றே நாமும் கருதுகிறோம். சிக்கல் அவரிடம் அல்ல, அவருக்குப் பிறக்கும் பிள்ளையிடம்தான். குடியேற்றம் என்றாலே பிள்ளைகள் உண்டு. இல்லாவிட்டால் அது முகாம்தான்.

செவ்வாயின் ஈர்ப்பு விசை பூமியினதில் 38 விழுக்காடு. அந்த ஈர்ப்பில் கரு எப்படி வளரும், எலும்பும் இதயமும் எப்படி உருவாகும் என்பதற்கு எவரிடமும் சான்று இல்லை. விண்வெளியில் இதுவரை மனிதக் குழந்தை பிறந்ததில்லை. அப்படிப் பிறந்து வளர்ந்த ஒருவர், தாத்தா பாட்டியின் ஊரைப் பார்க்க ஆசைப்பட்டுப் பூமிக்கு வந்தால், அவர் உடல் இங்கே அவரைத் தாங்குமா? தாங்காமல் போனால், பெற்றோரின் கனவு பிள்ளைக்கு ஆயுள் சிறையாகும். மருந்துச் சோதனைக்குக்கூட ஒப்புதல் கேட்கும் காலம் இது. இங்கே ஒரு முழு வாழ்வே சோதனை.

இதற்குச் சிறிய முன்னுதாரணம் ஒன்று உண்டு. 1978 சனவரியில் அண்டார்டிகாவின் எஸ்பரான்சா தளத்தில் ஒரு குழந்தை பிறந்தது. அக்கண்டத்தில் பதிவான முதல் பிறப்பு அது. அந்நிலப்பகுதி தனக்கே உரியது என்ற உரிமையை வலுப்படுத்த, அர்ஜென்டினா அரசு கர்ப்பிணித் தாயை விமானத்தில் அங்கே கொண்டு சென்றிருந்தது. அதே தளத்தில் 1976 முதல் புனித பிரான்சிஸ் அசிசியார் பெயரில் நம் திருச்சபையின் சிற்றாலயமும் உண்டு. குழந்தையை நாட்டு எல்லைக்கல்லாகப் பயன்படுத்துவது நமக்கு ஏற்புடையதல்ல. ஆயினும் அங்கே மூச்சுக்காற்று இலவசம், வீடு திரும்ப விமானமும் உண்டு.

இன்னொரு செய்தி நம் தமிழ் மக்களுக்கு நெருக்கமானது. பணம் இல்லாதவர்களும் செவ்வாய்க்குப் போகலாம், கடன் கிடைக்கும், அங்கே வேலை நிறைய இருக்கும் என்ற கருத்தை 2020 சனவரியில் மஸ்க் வெளியிட்டார். இதைப் படித்தபோது நமக்கு இலங்கை மலையகம்தான் நினைவுக்கு வந்தது. கங்காணியிடம் முன்பணம் வாங்கிக் கப்பலேறிய நம் முன்னோர், அந்தக் கடன் தீரும்வரை தோட்டத்தை விட்டு விலக முடியவில்லை. கடனை யார் அடைக்கிறாரோ அவரிடம் அவர்களை ஒப்படைக்கத் துரை எழுதிக் கொடுத்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். 1921-ல்தான் அம்முறை சட்டப்படி ஒழிந்தது. தோட்டத்தில் கடனும் லயமும் அரிசியும் ஒரே கையில் இருந்தன. செவ்வாயில் அவற்றோடு ஆக்சிஜனும் அதே கையில் இருக்கும். அங்கே வேலைநிறுத்தம் செய்வது எப்படி?

சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். 1967-ம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கைப்படி எந்த நாடும் வேற்றுக் கோளைத் தனதென்று உரிமை கொண்டாட முடியாது. தனியார் நிறுவனத்தின் செயலுக்கும் அதன் நாடே பொறுப்பு. ஆனால் ஸ்பேஸ்எக்சின் ஸ்டார்லிங்க் இணையச் சேவைக்கான 2020-ம் ஆண்டு ஒப்பந்த விதிகளில், செவ்வாய் சுதந்திரக் கோள், பூமியின் எந்த அரசுக்கும் அங்கே அதிகாரமில்லை என்ற பொருளில் ஒரு வாசகம் சேர்க்கப்பட்டிருந்தது. இணைய இணைப்பு வாங்குபவர்களில் எத்தனை பேர் இதையெல்லாம் படிப்பார்கள்?

இனி, எரிகல் ஒன்று மோதினால் மனித இனமே அழிந்துவிடும், எனவே மாற்று வீடு தேவை என்ற வாதம். இதை நாம் இலேசாகத் தள்ளவில்லை. ஆனால் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களை அழித்த மோதலுக்குப் பின்னும் பூமியில் காற்று இருந்தது, கடல் இருந்தது, சிறு விலங்குகள் பிழைத்தன. மிக மோசமான நாளிலும் பூமி செவ்வாயைவிட வாழத் தகுந்தது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் வெளியிட்ட 'இறைவா, உமக்கே புகழ்' சுற்றுமடலில் பூமியைப் பொதுவான இல்லம் என்று அழைத்தார். ஒரு வீட்டைச் செப்பனிடும் கணக்கையும் புதுவீடு கட்டும் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது குடும்பம் நடத்தும் எவருக்கும் தெரிந்த வழக்கம்தான்.

செவ்வாய்க்கும் ஒரு பக்கம் உண்டு. 2024-ல் பெர்சவரன்ஸ் எடுத்த ஒரு பாறை மாதிரியில், முற்காலத்து நுண்ணுயிர்களின் தடயமாக இருக்கக்கூடிய குறிகள் உள்ளன என்று 2025 செப்டம்பரில் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இன்னும் உறுதியாகவில்லை. மனிதர் ஒவ்வொருவரும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களைச் சுமந்துகொண்டுதான் இறங்குவோம். பிறகு அங்கே கிடைப்பது செவ்வாயின் உயிரா, நாம் சிந்தியதா என்று பிரித்தறிவது கடினம். வத்திக்கானுக்கே சொந்த வானாய்வகம் இருக்கையில், இப்படி ஒரு படைப்பின் சுவடு கேட்பாரின்றி அழிந்துபோவது நமக்கு அக்கறையற்ற செய்தியாக இருக்க முடியாது.

ஆகவே ஊர்திகள் போகட்டும். திரும்பி வரும் வழி உறுதியான பின் ஆய்வாளர்களும் போகட்டும், அவர்களுக்காக நாம் திருப்பலியே ஒப்புக்கொடுப்போம். குடும்பம் குடும்பமாக அனுப்புவது வேறு. செவ்வாயின் ஈர்ப்பில் ஒரு கரு நலமாக வளரும் என்பதற்கு விலங்குகளிலாவது பல தலைமுறைச் சான்று வேண்டும். காற்றும் நீரும் எந்த முதலாளியின் கையிலும் இல்லாத ஏற்பாடு வேண்டும். அங்கே பிறந்தவர் விரும்பினால் பூமிக்கு வர ஓர் இருக்கை, கடனின்றி, காத்திருக்க வேண்டும். இவற்றில் ஒன்றுகூட இன்று இல்லை.

அந்தச் சிறுவனுக்கு அடுத்த ஞாயிறு வகுப்பில் இதைத்தான் சொல்ல இருக்கிறோம். அவன் இன்னொரு கேள்வியோடு வருவான் என்று மறைக்கல்வி ஆசிரியை இப்போதே எச்சரித்திருக்கிறார். செவ்வாய்க்கு நிலா இரண்டாம், உயிர்ப்புப் பெருவிழாவுக்கு எந்த நிலாவின் பௌர்ணமியைக் கணக்கில் எடுப்பது என்று அவரிடம் கேட்டானாம்.