மணமுறிவும் மனப்புண்ணும்

அனுமதிக்கப்பட்ட காரியங்களுள் அல்லாஹ்விடத்தில் மிகவும் வெறுப்புக்குரியது தலாக் என்னும் கருத்திலமைந்த நபிமொழியைக் கேளாத முஸ்லிம் இல்லம் நம் பகுதியில் இராது. அதன் அறிவிப்பாளர் தொடர் பற்றி ஹதீஸ் கலை வல்லாரிடையே கருத்து வேறுபாடு உண்டு, அது நிற்க. தலாக் நிகழாமல் தடுப்பதற்காக இதனை மேடைதோறும் எடுத்தோதும் நாம், நிகழ்ந்துவிட்ட பின்னர் அந்தப் பெண் எவ்வாறு மீண்டெழுவாள் என்பது குறித்து வாய் திறப்பதேயில்லை. வெறுப்புக்குரியது அச்செயல். நாமோ அந்த வெறுப்பை அதற்கு ஆளான பெண்ணின் தலைமீது ஏற்றி வைத்துவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், அஸர் தொழுகை முடிந்து நான் பள்ளியின் திண்ணையில் அமர்ந்திருந்த வேளையில், பெரியவர் ஒருவர் கையில் தண்ணீர்ப் பாட்டிலுடன் வந்தார். “ஹஜ்ரத், என் மகளுக்குத் தலாக் ஆகி எட்டு மாதம் ஆகிறது. இரவெல்லாம் அழுகிறாள், சரியாகச் சாப்பிடுவதில்லை. ஏதோ கண்ணேறு பட்டிருக்கும் போலிருக்கிறது, ஓதி ஊதித் தாருங்கள்” என்றார். “வீட்டில் அவளிடம் யார் யார் என்ன பேசுகிறார்கள்?” என்று கேட்டேன். சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு சொன்னார்: முந்திய மாதம் தம்பி மகளின் திருமணம். மணப்பெண்ணுக்கு மருதோன்றி இடுவதற்கு இவள் கிண்ணத்தை எடுத்திருக்கிறாள். உறவுக்கார மூதாட்டி ஒருத்தி, “நீ வேண்டாம்மா, வாழ்கிறவள் யாராவது வைக்கட்டும்” என்று கிண்ணத்தை வாங்கிக் கொண்டாளாம். அன்றிரவிலிருந்துதான் அவள் உண்பதை விட்டாள்.

சகோதரர்களே, இது யாருடைய மார்க்கம்? மருதோன்றி இடுவதற்கும், கருகமணி கோப்பதற்கும், மணமகளைக் கைப்பிடித்து அழைத்து வருவதற்கும் கணவனோடு வாழ்கிறவள்தான் வேண்டுமென்று எந்தக் கிதாபில் எழுதியிருக்கிறது? சகுனம் பார்ப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்துரைத்தார்கள். பூனை குறுக்கே போனால் பார்க்கக் கூடாது என்று அறிந்து வைத்திருக்கும் நாம், பெற்ற மகள் குறுக்கே வந்தால் பார்க்கிறோம்!

உம்முல் மூமினீன் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் யார்? ஸைது (ரலி) அவர்களால் மணவிலக்கு அளிக்கப்பட்ட பெண்மணி. அவர்களை அண்ணலார் (ஸல்) மணந்துகொண்ட செய்தியைத் திருமறையே (33:37) பேசுகின்றது. தோல் பதனிட்டும் தைத்தும் தம் கைகளால் பொருளீட்டி ஏழைகளுக்கு வழங்கி வந்தார்கள் அந்த அன்னை. அண்ணலாரின் மறைவுக்குப் பின், துணைவியரில் முதலாவதாக அவர்களைச் சென்றடைந்தவர்களும் அவர்களே. அந்த வீட்டில் யார் எந்தக் கிண்ணத்தைப் பிடுங்கினார்கள்?

ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களின் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் வருகின்றது. தலாக்குக்குப் பின் அவர்கள் இத்தா இருப்பதற்கென்று, பார்வையற்ற தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் இல்லத்தை அண்ணலார் தெரிந்தெடுத்துக் கொடுத்தார்கள். இத்தா முடிந்ததும் பெண் கேட்டு வந்தவர்களுள் முஆவியாவும் அபூஜஹ்மும் இருந்தனர். அண்ணலாரோ, அவ்விருவரையும்விட உஸாமா பொருத்தமானவர் என்று ஆலோசனை கூறினார்கள். முதலில் மனமொப்பாதிருந்த அவர்கள் பின்னர் இசைந்தார்கள். பிற பெண்கள் பொறாமைப்படும் அளவுக்கு அவ்வாழ்வில் நன்மை கண்டார்கள். இடம் பார்த்துக் கொடுப்பதும் வரன் பார்த்துச் சொல்வதும் நபியவர்களின் வேலையாக இருந்தன. இன்று அவை எந்த ஜமாஅத்தின் வேலை?

இன்னொரு செய்தி என்னை மிகவும் கவர்ந்தது. ஜாபிர் (ரலி) அவர்களின் சிறிய தாயார் மணவிலக்குப் பெற்று இத்தாவில் இருந்தார்கள். தமது பேரீச்சந் தோப்பில் கனி பறிக்கப் புறப்பட்டபோது ஒருவர் கண்டித்துத் தடுத்தார். அவர்கள் அண்ணலாரிடம் சென்று முறையிட, சென்று பறித்துக்கொள்ளுமாறும், அதிலிருந்து தருமமோ வேறு நற்செயலோ செய்ய வாய்க்கலாமென்றும் பெருமானார் பதிலளித்தார்கள். இத்தாவில் வெளியே செல்வது பற்றி இமாம்களிடையே வேறுபாடு உண்டு. அதை உங்களூர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது வேறு. மனம் நொந்திருக்கும் பெண்ணுக்கு அவளுடைய தோப்பும், அவளுடைய உழைப்பும், பிறருக்குக் கொடுக்கும் அவளுடைய கையும் தேவைப்படுகின்றன. மூலையில் உட்கார வைப்பது மருந்தன்று.

பொறுமையைப் பற்றியும் ஒரு சொல். நான் பட்டம் பெற்று வந்த புதிதில், இதே துயரோடு வந்த ஒரு தாயிடமும் மகளிடமும், “அழக்கூடாது, ஸபர் செய்ய வேண்டும்” என்று மட்டும் கூறி அனுப்பிவிட்டேன். மகள் உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் நல்லுபதேசம் செய்துவிட்டதாக மகிழ்ந்தேன். அவளை நான் வாயடைத்தேன் என்பது பல ஆண்டுகள் கழித்தே எனக்கு உறைத்தது. யஃகூப் (அலை) அவர்கள் அழகிய பொறுமையை மேற்கொண்டவர்கள் என்று யூஸுஃப் அத்தியாயம் சொல்கிறது. துயரத்தால் அவர்களின் கண்கள் வெளுத்துப் போயின என்று அதே அத்தியாயமே (12:84) சொல்கிறது. மைந்தர் இப்ராஹீம் மறைந்தபோது அண்ணலாரும் கண்ணீர் உகுத்தார்கள். கண்ணீரும் பொறுமையும் ஒரே நெஞ்சில் தங்க முடியுமென்றால், அழாதே என்று சொல்ல நான் யார்?

ஆண்களுக்கும் நெஞ்சுண்டு. பரீரா (ரலி) பிரிந்து சென்றபோது முகீஸ் (ரலி) மதீனத்து வீதிகளில் தாடி நனைய அழுதுகொண்டே பின்தொடர்ந்தார். அண்ணலார் அவருக்காகப் பரிந்து பேசினார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்க, பரிந்துரை மட்டுமே என்றார்கள். அவர் மறுத்துவிட, அம்மறுப்பை மதித்தார்கள். அழுதவரையும் எவரும் இகழவில்லை, மறுத்தவரையும் எவரும் ஏசவில்லை.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மகளுக்கே வீடு என்னும் வழக்கம் இருப்பதால், அங்கே மணமுறிவுக்குப் பின் பெண் தெருவில் நிற்பதில்லை. பிற ஊர்களிலோ, சொல் வாயிலிருந்து விழுந்த மறுநாளே பெட்டி கட்டப்படுகிறது. இத்தா முடியுமுன் மனைவியரை வீட்டைவிட்டு வெளியேற்றாதீர்கள் என்று தலாக் அத்தியாயத்தின் முதல் வசனமே தடுக்கிறது. அதன் பின் அல்லாஹ் ஒரு புதுவழியை உண்டாக்கக்கூடும் என்றும் காரணம் சொல்கிறது. ஒரே கூரையின் கீழிருந்தால் கோபம் தணியும். இருவரும் மீள இணையவும் கூடும். அந்த வாசலை நாமே அடைத்துவிடுகிறோம். முத்தலாக் குறித்து 2017-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது, 2019-இல் சட்டமும் வந்தது. வாதங்கள் இன்னும் ஓயவில்லை. சட்டம் எதுவாயினும், உறவினர் வீட்டுக் கூடத்தில் பிடுங்கப்பட்ட கிண்ணத்துக்கு எந்த நீதிமன்றத்திலும் வழக்கில்லை.

அந்தப் பெரியவரிடம் தண்ணீரை வாங்கி ஃபாத்திஹா ஓதிக் கொடுத்தேன். “இதைக் குடிக்கச் சொல்லுங்கள். நாளை முதல் நம் மதரஸாவின் சிறுமியருக்கு ஓதிக் கொடுக்க அவளை அனுப்புங்கள், சம்பளமும் உண்டு. அடுத்த திருமணத்தில் மருதோன்றிக் கிண்ணத்தை நீங்களே எடுத்து அவள் கையில் கொடுங்கள்” என்றேன். ரமலான் கழிந்து பெருநாளன்று ஈத்காவில் என்னைத் தழுவிக்கொண்டார். முப்பது பிள்ளைகள் அவளிடம் ஓதுகிறார்கள், நன்றாகச் சாப்பிடுகிறாள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆனாலும் சில இரவுகளில் இன்னும் அழுகிறாள், ஹஜ்ரத்” என்றார்.

“அழட்டும், பக்கத்தில் இருங்கள்” என்றேன்.