தெரியாமல் செய்தால் குற்றமா?



போகியன்று விடியற்காலையில் ஆதம்பாக்கத்துத் தெரு ஒன்றில் நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். மார்கழிக் குளிர். சிறுவர்களின் போகி மேளம் காதைத் துளைக்கிறது. ஒரு வாசலில் பாட்டி ஒருவர் கிழிந்த கோரைப்பாயை எரிக்கிறார். அடுத்த வாசலில் ஓர் இளைஞர் பழைய சைக்கிள் டயரைத் தீயில் போடுகிறார். எதிர்வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தை இருமுகிறது. குற்றம் யாருடையது?

முதலில் புகையைக் கவனிப்போம். பாய் எரிந்தாலும் புகைதான். ஆனால் டயர் எரியும்போது கரித்துகளோடு கந்தக டை ஆக்சைடும் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சில பொருள்களும் வெளிவருகின்றன. குளிர்காலக் காலையில் தரையருகே குளிர்ந்த காற்றும் அதற்கு மேல் வெப்பக் காற்றும் மூடிபோல் அமைவதால் புகை மேலே எழ முடிவதில்லை. 2018 ஜனவரி 13 அன்று, போகிப் புகையும் பனியும் சேர்ந்து, ஆதம்பாக்கத்துக்குச் சற்றுத் தள்ளியுள்ள மீனம்பாக்கம் விமான நிலையத்தையே முடக்கின. பல விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன.

புகைக்கு மனிதரின் எண்ணம் தெரியாது. தெரிந்து எரித்தாலும் தெரியாமல் எரித்தாலும் நுரையீரலுக்குக் கேடு ஒன்றே. ஆனால் பழி சுமத்தும்போது நாம் எண்ணத்தையும் பார்க்கிறோம் அல்லவா?

ஜோஷுவா நோப் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் 2003-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். நியூயார்க் பூங்காவில் 78 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒரு குழுவுக்கு ஒரு கதை சொல்லப்பட்டது. ஒரு கம்பெனித் தலைவர் லாபம் தரும் திட்டத்தைத் தொடங்குகிறார். அதனால் சுற்றுச்சூழல் கெடும் என்று அவருக்குத் தெரியும், கவலை இல்லை. அவர் வேண்டுமென்றே கெடுத்தாரா? 82 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். மற்றொரு குழுவுக்கு, அதே கதையில் 'கெடும்' என்பது 'நன்மை பெறும்' என்று மாற்றப்பட்டது. வேண்டுமென்றே நன்மை செய்தார் என்று சொன்னவர்கள் 23 சதவீதம் மட்டுமே! தீங்கு நோக்கமாக இல்லாவிட்டாலும், தெரிந்தும் பொருட்படுத்தாதவரை மக்கள் எளிதில் மன்னிப்பதில்லை.

"எல்லாரும்தானே செய்கிறார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். வழக்கம் பழியைக் குறைக்கும் என்பது உண்மையே. ஊரே செய்வதை ஒருவர் யோசிக்காமல் செய்தால் அவரை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயமன்று. பாயும் துடைப்பமும் பழம்பொருளாக இருந்த காலத்தில் உருவான பழக்கம் இது. பழக்கம் அப்படியே இருக்க, எரியும் பொருள்தான் மாறிவிட்டது.

ஆனால் வழக்கம் என்ற சமாதானம் அறியாமை இருக்கும்வரைதான் செல்லும். டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் போகிதோறும் அறிவிக்கிறது. அதைக் கேட்டபின் எரிப்பவருக்கும், கேட்காமல் காதைப் பொத்திக்கொள்பவருக்கும் என் கருத்தில் பெரிய வேறுபாடில்லை. எரிக்கத்தான் வாங்குகிறார்கள் என்று தெரிந்தே பழைய டயரை விற்பவர் யாரேனும் இருந்தால், அவருடைய பொறுப்பு இளைஞரைவிடப் பெரிது. அவர் அந்தக் கம்பெனித் தலைவரைப் போன்றவர்.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன? பாட்டியைத் திட்டுவதா? வேண்டாம். அவரருகே உட்கார்ந்து, "பாட்டி, பாயைக் குப்பை வண்டியில் போட்டுவிடலாமா? எதிர்வீட்டுக் குழந்தைக்கு மூச்சு முட்டுகிறது" என்று சொல்லுங்கள். சொன்னால் அவர் கேட்பார். அந்த இளைஞரிடமும் டயர்ப் புகையில் என்ன இருக்கிறது என்று விளக்குங்கள். தெரிந்தவர் நான்கு பேர் நிறுத்தினால் ஐந்தாமவருக்கு "எல்லாரும் செய்கிறார்கள்" என்று சொல்ல வாய் வராது. வழக்கம் மாறுவது இப்படித்தான்.

இதைப் படித்துவிட்ட உங்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. அடுத்த போகிக்கு, "எனக்குத் தெரியாது" என்று நீங்கள் சொல்ல முடியாது. நானும்தான்!