மூன்று நகல் இருந்தும் காணோம்!

போன வாரம் இரவு பத்து மணிக்கு அண்ணன் மகளிடமிருந்து போன். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. "சித்தப்பா, ஒரு ஃபோல்டரையே அழிச்சிட்டேன். எல்லாத்துக்கும் மூணு காப்பி இருக்கும்னு சொன்னீங்களே, எங்கே?"

சொன்னது நான்தான். ஆனால் பாதிதான் சொல்லியிருந்தேன்.

அவள் புழங்குவது ஹடூப். கூகுள் 2003, 2004-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துவிட்டு டக் கட்டிங், மைக் கேஃபரெல்லா இருவரும் உருவாக்கியது. கட்டிங்கின் மகன் தன் மஞ்சள் யானை பொம்மைக்கு வைத்த பெயர்தான் ஹடூப்!

ஒரே கணினியில் அடங்காத கோப்பை இது 128 எம்.பி. துண்டுகளாக நறுக்கிப் பல கணினிகளில் வைக்கும். 1 ஜி.பி. என்றால் 8 துண்டு. துண்டுக்கு 3 நகல் வீதம் 24. எது எங்கே என்ற பேரேடு 'நேம்நோட்' என்ற தலைமைக் கணினியிடம் இருக்கும். மற்ற கணினிகள் 3 விநாடிக்கு ஒருமுறை 'உள்ளேன் ஐயா' சொல்ல வேண்டும். பத்து நிமிடத்துக்கு மேல் சத்தமில்லை என்றால், அதிலிருந்த துண்டுகளுக்கு வேறு இடத்தில் புது நகல் எடுக்க உத்தரவு போகும்.

கணக்குப் போடுவதும் அப்படித்தான். ஓட்டு எண்ணும்போது மேசைக்கு மேசை தனியாக எண்ணி, கடைசியில் கூட்டுகிறார்களே, அதே முறை. துண்டு இருக்கும் கணினியே அதை எண்ணிவிடும். மொத்தத் தகவலையும் ஓரிடத்துக்குத் தூக்கி வர வேண்டியதில்லை.

சரி, நகல்கள் எங்கே போயின? மூன்று நகல் என்பது கணினி படுத்துவிட்டால் காப்பாற்றத்தான். நம் கை தவறினால் அல்ல. 'அழி' என்ற உத்தரவு பேரேட்டுக்கே போகிறது. மூன்றும் சேர்ந்தே போய்விடும்.

நல்லவேளை, அவள் அலுவலகத்தில் குப்பைத்தொட்டி வசதியை 1440 நிமிடத்துக்கு, அதாவது ஒரு நாளுக்கு, போட்டு வைத்திருந்தார்கள். ஹடூப்பில் அது தானாக வராது, யாராவது இயக்கி வைக்க வேண்டும். 'ட்ராஷ்' ஃபோல்டரில் எல்லாம் பத்திரமாக இருந்தது. அழிக்கும்போது 'ஸ்கிப் ட்ராஷ்' என்று சேர்த்து அடித்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

உங்கள் போனிலும் இதே கதைதான். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படத்தை, இடம் வேண்டும் என்று அந்த ஆப்பிலேயே டெலீட் செய்தால் கிளவுடிலிருந்தும் போய்விடும். குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும், அதற்குள் மீட்டுக்கொள்ளலாம். இடம்தான் தேவை என்றால் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' பட்டனை அழுத்துங்கள். போனில் மட்டும் காலியாகும்.

"மேனேஜர்கிட்ட சொல்லணுமா சித்தப்பா?" என்றாள்.

"காலையில முதல் வேலையா சொல்லிடு" என்றேன்.